வயரைக் கடித்து உரிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சோல்டர் செய்ய, அதாவது ஈயத்தை உருக்கி வயரை ஒட்டவைக்கப் பழகும் நம் தோட்டப்புறப் பிள்ளைகள் வயரின் உறையைப் பல்லால் கடித்தும், கத்தியால் கீறியும், லைட்டரால் பொசுக்கியும் எடுப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. பிவிசி பிளாஸ்டிக் உறை எரிந்தால் தொண்டையைக் கரிக்கும் அமிலப் புகை வரும். கரி படிந்த செம்பில் ஈயமும் ஒட்டாது.

கத்தியின் கேடு உடனே தெரியாது. ஒற்றைக் கம்பியில் கீறல் விழுந்தால், நாலைந்து முறை வளைந்ததும் அங்கேயே முறியும். ஏழு இழை வயரில் இரண்டு அறுந்தால் மீதி ஐந்துதான் எல்லா இழுவையையும் தாங்கும். சில நாள் ஓடிய சாதனம் நின்றதும், வயர் முறிந்தது தெரியாமல் நல்ல பாகத்தைக் கழற்றி வீசுவோம்.

ஹார்ட்வேர் கடையில் பெரும்பாலும் கிடைப்பது 1.5, 2.5 சதுர மி.மீ. வீட்டு வயருக்கான உரிப்பான் (உறையை உரிக்கும் கருவி). மின்னணு வேலைக்கு 20 முதல் 30 வரை ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்க வயர் தடிமன் அளவு) எண் பொறித்த, தனித்தனித் துளையுள்ள கருவியைக் கேட்டு வாங்குங்கள். எண் கூடினால் கம்பி மெலியும்: 22 என்பது 0.64 மி.மீ. விட்டம், 30 என்பது 0.25 மி.மீ. ஒரே எண்ணில் பல இழை வயர் சற்றுத் தடிமனாக இருக்கும். ஒற்றைக் கம்பிக்கான துளையில் அதை வைத்தால் வெளி இழைகள் அறுந்துவிடும். தானாக அளவு பிடிக்கும் வகை வேகமானதுதான், ஆனால் மெல்லிய வயரில் வழுக்கும், இழையையும் பிய்க்கும். முதல் கருவியாக அது வேண்டாம்.

எண் தெரியாத வயரானால் பெரிய துளையில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறையுங்கள். உறை மட்டும் வெட்டுப்படும் துளையே சரி. கருவியைச் சாய்க்காமல் நேராக இழுக்க வேண்டும். சோல்டருக்கு 5 மி.மீ. உரித்தால் போதும். பல இழை வயரில், வெட்டிய உறைத்துண்டைப் பாதியில் நிறுத்தி, அதைப் பிடித்தே இழைகளை முறுக்கி, பிறகு உருவுங்கள். இழை பிரியாது, விரல் எண்ணெயும் செம்பில் படாது.

தமிழ்ப்பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்துக்கு, பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் மேசைக்கு ஓர் உரிப்பானும் ஒரு பூதக்கண்ணாடியும் வாங்கித் தர வேண்டுகிறோம். உரித்த முனையில் கீறல் தெரிந்தால் அதை நறுக்கிவிட்டு மறுபடி உரிக்க வேண்டும். அதற்கு இடமிருக்க, வயரை முதலிலேயே இரண்டு செ.மீ. கூடுதலாக வெட்டச் சொல்லுங்கள்.

மின்னணுப் பழுதுபார்ப்போர்,
சுங்கை சிப்புட், பேராக்