ரோத்தே மக்களுக்கு வழிகாட்டியது பாசிக் கயிறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தோனேசியாவின் தென்கோடியில் உள்ள ரோத்தே தீவைப் பற்றி உங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். நெம்பராலா கடற்கரையின் அலைகளையும், அலைச்சறுக்குக்காக அங்கே போகிறவர்களையும் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருக்கிறார். ஆனால் சுற்றுலா ஒன்றுதான் அந்த ஏழைக் கிராமங்களைக் கரையேற்றும் என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மக்கள் பிழைக்க ஒரு நல்ல வழியைத் தாங்களே கண்டுபிடித்திருந்தார்கள். அது எப்படிப் பறிபோனது என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

ரோத்தே வறண்ட பூமி. வருடத்தில் சில மாதங்கள்தான் மழை. தலைமுறை தலைமுறையாக அவர்களைக் காப்பாற்றி வந்தது பனை. நம் ஊரில் நிற்கும் அதே பனைதான். மரமேறி, ஓலைப் பட்டையில் சாறு இறக்கி, பாகாகக் காய்ச்சி வைத்துக்கொள்வார்கள். வயலில் ஒன்றும் இல்லாத மாதங்களில் அந்தப் பாகைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தே பசியாறுவார்கள். சசாண்டோ என்ற அவர்களுடைய நரம்பு வாத்தியத்தின் கூடுகூடப் பனையோலைதான். பனை வயிற்றைக் காப்பாற்றியது, சரி. பிள்ளையை மாகாணத் தலைநகரான குபாங்கில் உள்ள கல்லூரிக்கு அனுப்பவும், ஓலைக்கூரையை மாற்றவும் காசு வேண்டுமே. அந்தக் காசைக் கொடுத்தது கடல்பாசி.

நான் மண்டபத்துக்காரி. எங்கள் பக்கம் ‘பெப்சி பாசி’ என்று சொல்லும் கப்பாபைகஸ் பாசியும் ரோத்தேயில் வளர்ப்பதும் ஒரே குடும்பம். நாங்கள் மூங்கில் மிதவையில் கட்டுகிறோம். அவர்கள் ஆழமில்லாத கடலில் முளைக்கம்பு அடித்து, இரண்டு கம்புக்கும் நடுவே கயிறு இழுத்து, அதில் விதைப்பாசியைச் சிறு சிறு கொத்தாகக் கட்டுகிறார்கள். சுமார் 45 நாளில் அறுவடை. உரம் வேண்டாம், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். சொந்த நிலம் இல்லாதவர்களும் செய்யலாம். கயிற்றில் பாசி கட்டுவதும், அறுத்ததைக் காயப்போடுவதும் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. அதனால் வருகிற பணத்தில் அவர்களுக்கும் பேச்சு இருக்கும். இதை எங்கள் ஊரில் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோத்தே கிராமங்களுக்குக் கல்வீடும் படிப்பும் வந்தது இந்தப் பாசியால்.

அப்புறம்தான் 2009 ஆகஸ்ட் 21 வந்தது. ரோத்தேயிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி, ஆஸ்திரேலியாவுக்கு உட்பட்ட திமோர் கடல் பகுதியில், மோன்டாரா என்ற எண்ணெய்க் கிணறு வெடித்தது. தாய்லாந்து அரசு எண்ணெய் நிறுவனத்தின் கிளை நிறுவனம் நடத்திய கிணறு அது. பத்து வாரத்துக்கும் மேலாக எண்ணெய் கடலில் கொட்டியது. செப்டம்பரில் ரோத்தே கரையில் பாசி வெளுத்து, அழுகி, கயிற்றிலிருந்து உதிர்ந்தது. மறுபடி கட்டினார்கள், மறுபடி செத்தது. பல ஆண்டுகள் பழைய விளைச்சல் திரும்பவில்லை. கல்லூரியில் சேர்ந்திருந்த பிள்ளைகள் பாதியில் ஊர் திரும்பினார்கள்.

ஆஸ்திரேலிய அரசு அமைத்த விசாரணை ஆணையம் கிணற்றை நடத்தியவர்களைக் கடுமையாகச் சாடியது. 2012-இல் அந்த நாட்டு நீதிமன்றம் விதித்த அபராதம் 5,10,000 ஆஸ்திரேலிய டாலர். அதில் ரோத்தே விவசாயிக்கு ஒரு காசும் இல்லை. எண்ணெய் இந்தோனேசியக் கரைக்கு வரவே இல்லை என்று நிறுவனம் சாதித்தது. 2016-இல் ரோத்தேயின் பாசி விவசாயி ஒருவர், 15,000-க்கும் அதிகமானவர்களின் சார்பில் சிட்னியில் வழக்குத் தொடுத்தார். வேறு நாட்டின் நீதிமன்றத்தில், வேறு மொழியில், கணக்கு நோட்டுகூட இல்லாத பாசிக்காரர்கள் தங்கள் இழப்பை ஒவ்வொன்றாகச் சொல்லி நிரூபித்தார்கள். 2021 மார்ச் 19 அன்று தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. சுமார் இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் தொடக்கத்தில், செரோஜா புயல் அந்த மாகாணத்தையே புரட்டிப் போட்டது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. கடைசியில் 2022 நவம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலர் தருவதாக ஒத்துக்கொண்டது. வழக்குச் செலவும், வழக்குக்குப் பணம் போட்ட நிறுவனத்தின் பங்கும் அதிலேதான் கழியும். பாசி செத்து அதற்குள் 13 வருடம் ஆகியிருந்தது. அன்று படிப்பை விட்ட பிள்ளைக்கு அதற்குள் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்திருக்கும்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. ரோத்தேயின் கிழக்கே பாபேலா என்ற மீனவர் ஊர். அங்குள்ளவர்கள் முன்னோர் காலத்திலிருந்தே, இன்று ஆஸ்திரேலியாவுக்கு உட்பட்ட ஆஷ்மோர் பவளத் திட்டுக்குப் பாய்மரத்தில் போய்க் கடலட்டையும் சுறாவும் பிடித்தவர்கள். 1974-இல் இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தம் பாய்மரப் படகுக்கு மட்டும் இடம் கொடுத்தது. பிறகு திட்டைச் சுற்றித் தடை வந்தது. மீறிப் போனவர்களின் படகுகளை ஆஸ்திரேலியா பிடித்து எரித்தது. தொழில் சுருங்கிக் கிடந்த இந்த மாகாணத்துக் கடற்கரைகளில்தான், 2009-க்குப் பிறகான ஆண்டுகளில், ஆஸ்திரேலியாவுக்குப் போகும் அகதிப் படகுகளுக்கு வேலையாள் பிடிப்பவர்கள் வந்தார்கள். அந்தப் படகுகளில் நம் ஈழத் தமிழர்களும் போனார்கள். சமையலுக்கும் படகோட்டவும் கூட்டிப்போன பையன்களில் பலர் 18 வயது நிரம்பாதவர்கள். ஆஸ்திரேலிய அதிகாரிகள் அவர்களைப் பிடித்து, மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பெரியவர்கள் என்று முடிவுகட்டி, பெரியவர்களின் சிறையில் அடைத்தார்கள். அந்தப் பையன்கள் தொடுத்த வழக்கிலும் 2023-இல்தான் ஆஸ்திரேலிய அரசு 2.75 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒத்துக்கொண்டது. கடலில் பிழைப்பு நன்றாக இருந்த வீட்டிலிருந்து எந்தத் தாய் தன் மகனை அந்தப் படகில் ஏற்றியிருப்பாள்?

வேறு வழியில்லாதவர்கள் மலேசியாவுக்குத் தோட்ட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறார்கள். அந்த மாகாணத்திலிருந்து போய்ச் சவப்பெட்டியில் குபாங் விமான நிலையம் திரும்புபவர்களின் எண்ணிக்கை ஒரே ஆண்டில் நூறைத் தாண்டியதும் உண்டு.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது யாருக்குச் சோறு போடும் என்று பார்க்க வேண்டும். பாசி காயப்போடும் மணல்வெளியும், படகு ஏற்றும் கரையும்தான் விடுதி கட்டத் தோதான இடம். இந்தோனேசியச் சட்டப்படி வெளிநாட்டவர் நிலத்தைச் சொந்தமாக வாங்க முடியாது. குத்தகைக்கு எடுக்கலாம். சட்டம் ஏற்காவிட்டாலும் உள்ளூர்க்காரர் பெயரில் எடுப்பவர்களும் உண்டு. எடுத்தபின் மீன்காரருக்கும் பாசிக்காரருக்கும் கரைக்கு வழி இருக்குமா? விடுதியில் அறை கூட்டும் சம்பளத்தையும் சொந்தக் கயிற்றிலிருந்து வரும் பணத்தையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது.

பாசியிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. கடல் சூடேறினால் பாசி வெளுத்து நோய் பிடிக்கிறது. எங்கள் பக்கமும் அப்படிச் செத்துப் பல குடும்பங்கள் தொழிலை விட்டன. 2022-இல் உச்சத்துக்குப் போன காய்ந்த பாசியின் விலை அடுத்த வருடமே சரிந்தது. உலகில் இந்த வகைப் பாசியை அதிகம் வளர்க்கும் நாடு இந்தோனேசியா. ஆனால் பெரும்பங்கைக் காயவைத்தபடியே சீனாவுக்கு அனுப்பிவிடுகிறது. ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகும் கராஜீனன் என்ற கெட்டியாக்கும் பொருளைப் பாசியிலிருந்து பிரித்தெடுக்கும் லாபம் அங்கே போய்விடுகிறது. நோய் தாங்கும் விதைப்பாசி, ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆலை, வியாபாரியிடம் கடன்படாமல் சரக்கை நாலு வாரம் வைத்திருக்க ஒரு கிடங்கு இவையெல்லாம் கிடைத்தால் ரோத்தே பிள்ளைகள் ஊரிலேயே நிற்பார்கள் என்று நம்புகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மோன்டாரா இழப்பீட்டில் ஒரு பாசிக் குடும்பத்தின் கைக்கு உண்மையில் எவ்வளவு வந்து சேர்ந்தது, அதை வைத்து மறுபடி கயிறு கட்டினார்களா என்று நேரில் விசாரித்து ஒரு கட்டுரை வெளியிடுங்கள். அங்கே போகிறவர், அந்த வீட்டுப் பெண்களிடமும் கேட்டு எழுதட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்