‘ஸ்னோமேன்’ படத்தில் பாடியவர் அலெட் ஜோன்ஸ் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் சிறப்பிதழில் வேல்ஸ் நாட்டுப் பாடகரும் ஒலிபரப்பாளருமான அலெட் ஜோன்ஸ் பற்றி நான்கு பக்கக் கட்டுரை வந்திருந்தது. தமிழில் அவரைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுவது அரிது. அதனால்தான் அதிலுள்ள பிழைகள் அப்படியே நிலைத்துவிடக் கூடாது என்ற அக்கறையில் இதை எழுதுகிறேன்.

‘தி ஸ்னோமேன்’ என்ற அனிமேஷன் படத்தில் ‘வாக்கிங் இன் தி ஏர்’ என்ற பாட்டைப் பாடிய சிறுவன் அவர்தான் என்று கட்டுரை சொல்கிறது. இல்லை. 1982 டிசம்பர் 26 அன்று பிரிட்டனின் சேனல் 4 முதன்முதலில் ஒளிபரப்பிய அந்தப் படத்தில் பாடியவர் பீட்டர் ஆட்டி. லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயப் பாடகர் குழுவில் இருந்த சிறுவன். படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரை விட்டுவிட்டார்கள். 20 ஆண்டுகள் கழித்து, 2002 பதிப்பில்தான் சேர்த்தார்கள். இதற்கிடையில் 1985இல் ஒரு பொம்மைக் கடை நிறுவனம் தன் தொலைக்காட்சி விளம்பரத்துக்கு அந்தப் பாட்டைக் கேட்டது. ஆட்டிக்கு அதற்குள் குரல் உடைந்திருந்தது. ஹோவர்ட் பிளேக் இசையமைத்த அந்தப் பாட்டைப் புதிதாகப் பாட அழைக்கப்பட்டவர்தான் அலெட். அவருக்கு அப்போது வயது 14. அந்த டிசம்பரில் அந்த இசைத்தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடத்தைப் பிடித்தது. படத்தில் குரல் மட்டும் உண்டு, பெயர் இல்லை. இசைத்தட்டில் பெயரும் முகமும் உண்டு. படம் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்குத் திரும்ப வர, மக்கள் இரண்டையும் ஒட்டவைத்துவிட்டார்கள். ஆட்டி பின்னாளில் ஆபரா மேடையில் டெனர் என்ற உயர்ந்த ஆண் குரல் பாடகரானார். அவருக்கு உரிய பெயரை நாமும் பறிக்க வேண்டாம்.

அடுத்தது, அலெட் “16 வயதில் குரலை இழந்தார்” என்ற வரி. பருவ வயதில் பையன்களின் குரல் உடைவதற்கு, சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட நம் பாய்ஸ் கம்பெனிக்காரர்கள் ‘மகரக்கட்டு’ என்று சரியாகப் பெயர் வைத்திருக்கும்போது ‘இழந்தார்’ என்று எழுதத் தேவையில்லை. மகரக்கட்டில் குரல் அழிவதில்லை. குரல் பிறக்கும் கருவியின் அளவு மாறுகிறது. குரல்வளைக் குருத்தெலும்பு முன்தள்ளி வளர்கிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பேச்சுக் குரல் ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸிலிருந்து 120 அளவுக்கு, அதாவது ஒரு ஸ்தாயி, இறங்குகிறது. இந்த மாற்றம் சீராக நடக்காது. மூளைக்குப் பழகிய கணக்கு பழைய நாணுக்கானது. புதிய நாண் அந்தக் கணக்குக்குப் பணியாததால்தான் குரல் பிசிறி உடைகிறது.

இங்கே பயிற்றுநர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பல பையன்களுக்கு நடுக் குரல் கலைந்த பிறகும் உச்ச சுரங்கள் கொஞ்ச காலம் கிடைக்கும். “மேலே இன்னும் வருகிறதே” என்று தனிப்பாட்டைத் தொடர்ந்து பாட வைப்பார்கள். பையன் குரல்வளையை மேலே தூக்கிப் பிடித்து, தாடையை இறுக்கிப் பாடப் பழகுகிறான். அந்த இறுக்கம் பெரியவனான பிறகும் எளிதில் போகாது. சரியான வழி, உச்சத் தனிப்பாட்டை நிறுத்திவிட்டு, சிரமமின்றி வரும் ஐந்தாறு சுரங்களுக்குள் பாட்டைக் கீழிறக்கி மெல்லப் பாடவிடுவது. 16 இசைத்தட்டுகள், 60 லட்சத்துக்கும் மேல் விற்பனை என்ற நிலையில் அலெட் சிறுவர் குரல் பாட்டை நிறுத்தியது சாதாரணக் காரியம் அல்ல. பின்னர் லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கிலும் பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியிலும் படித்து, 2002இல் பாரிட்டோன் என்ற நடுத்தர ஆண் குரலில் புதிய தொகுப்போடு வந்தார். கட்டுரை ‘காணாமல் போன ஆண்டுகள்’ என்று சொல்வது இந்தப் படிப்புக் காலத்தைத்தான்.

கட்டுரையோடு நான் அதிகம் முரண்படும் இடம் வேறு. பாட்டு போனதால், அதிர்ஷ்டவசமாக ஒலிபரப்பாளரானார் என்று முடித்திருக்கிறீர்கள். அவர் எங்கே பயின்றார் என்று பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. ஆங்கில்சி தீவில் லாண்டெக்வன் என்ற ஊர். வேல்ஸ் மொழி பேசும் வீடு. ஒன்பது வயதில் பேங்கர் பேராலயப் பாடகர் குழு. தேவாலயத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி, இந்தப் பையனைக் கேளுங்கள் என்று ‘சைன்’ என்ற வேல்ஸ் மொழி இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். முதல் பதிவு அங்கேதான் நடந்தது. கட்டுரையில் இது இருக்கிறது. இல்லாதது, 1982இல் அவர் உர்த் ஐஸ்டெத்வொட் என்ற இளையோர் கலைவிழாவில் பரிசு பெற்ற கலை. அதன் பெயர் ‘கெர்த் தான்ட்’. தந்தியிசை என்று பொருள்.

இதன் இலக்கணம் கடுமையானது. யாழ் போன்ற ஹார்ப்பில் ஒரு மெட்டு முதலில் தொடங்கும். பாடகர் உடனே சேர்வதில்லை. சில தாள வட்டங்கள் கழித்து, முற்றிலும் வேறொரு மெட்டில், கவிதையைப் பாடத் தொடங்குவார். கவிதையில் அழுத்தம் விழும் அசை தாளத்தின் அழுத்தமான அடியில் விழ வேண்டும். இரண்டு மெட்டும் ஒரே நொடியில் முடிய வேண்டும். ஆகவே எங்கே நுழைவது என்பதை முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் அமைப்பார்கள். ஒரு வட்டம் தப்பி நுழைந்தால் ஹார்ப் காத்திருக்காது. நடுவில் சரிசெய்ய இடமே இல்லை. கடைசி வரி அந்தரத்தில் நிற்கும்.

நேரலை வானொலியில் அறிவிப்பாளர் செய்வதும் இதே கணக்குதான். மணி நிறைந்ததும் செய்தி. கையில் 3 நிமிடம் 20 நொடி ஓடும் இசை. அது செய்தியோடு முட்டாமல் முடிய வேண்டுமானால் 56 நிமிடம் 40ஆவது நொடியில் அதைத் தொடங்க வேண்டும். அதற்கு முந்தைய பேச்சு ஐந்து நொடி நீண்டால் இசையின் கடைசி ஐந்து நொடி வெட்டுப்படும். பாட்டின் முன்னிசை 12 நொடி என்றால், நொடிக்கு மூன்று ஆங்கிலச் சொல் வீதம் 36 சொல்தான் இடம். அனுபவம் உள்ளவர் 30இல் நிறுத்துவார், பாடகரின் முதல் சொல்லின் மேல் தன் சொல் விழாதபடி. பதினொரு வயதில் பின்னோக்கி எண்ணும் கலையில் பரிசு வாங்கியவருக்கு இது அந்நியமாக இருந்திருக்காது என்பது என் கணிப்பு. அமெரிக்க இசையமைப்பாளர் பெர்ன்ஸ்டைனின் ‘சிசெஸ்டர் சாம்ஸ்’ என்ற படைப்பின் தனிப்பாட்டை ஹீப்ரு மொழியில், இசையமைத்தவரே நடத்த, சிறுவனாகப் பாடியவர் அவர். தெரியாத மொழியில் ஒவ்வோர் அசையையும் தெளிவாக உச்சரிக்கும் பழக்கமும் மைக்கின் முன் உதவும்.

பிபிசியின் ‘சாங்ஸ் ஆஃப் பிரெய்ஸ்’ என்ற தேவாலயப் பாடல் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அவர் தொகுப்பாளராகப் பொருந்தியதிலும் வியப்பில்லை. 1961இல் அந்த நிகழ்ச்சியின் முதல் ஒளிபரப்பே கார்டிஃபில் உள்ள வேல்ஸ் பாப்டிஸ்ட் ஆலயம் ஒன்றிலிருந்துதான். பிறகு பிபிசி ரேடியோ 2இன் ஞாயிறு காலை நிகழ்ச்சி, ஐடிவி தொலைக்காட்சியின் ‘டேபிரேக்’ காலை நிகழ்ச்சி, கிளாசிக் எஃப்எம் வானொலி. 2013இல் எம்பிஈ என்ற பிரிட்டிஷ் அரச விருது. இவற்றைக் கட்டுரை சரியாகவே தந்திருக்கிறது.

கடைசியாக, 2016இல் வந்த ‘ஒன் வாய்ஸ்’ தொகுப்பு. அதில் அவரோடு பாடும் சிறுவன் குரல் ‘கணினியில் உருவாக்கியது’ அல்ல. அவரே சிறுவயதில் பாடிய பதிவு. இந்த வகை இணைப்பில் சுருதியையும் வேகத்தையும் பழைய பதிவே தீர்மானித்துவிடுகிறது. பெரியவர் தனக்கு வசதியான சுருதிக்கு மாற்றினால் சிறுவன் குரலின் நிறம் கெட்டுவிடும். அதனால் பாரிட்டோன், மெட்டுக்குக் கீழே மூன்றாம் அல்லது ஆறாம் சுர இடைவெளியில் தனக்கொரு வழி தேடிக்கொள்ள வேண்டும். சிறுவன் மூச்சு வாங்கிய இடத்தில் தானும் வாங்க வேண்டும். காத்திருக்காத ஹார்ப்பின் இடத்தில் இப்போது பழைய ஒலிநாடா.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுவீர்கள் என நம்புகிறேன். இரண்டு வரி போதும்: 1982 படத்தில் பாடியவர் பீட்டர் ஆட்டி, 1985 இசைத்தட்டில் பாடியவர் அலெட் ஜோன்ஸ். கூடவே பெயரையும் கவனியுங்கள். ‘ஏலிட்’ என்று அச்சாகியிருக்கிறது. வேல்ஸ் மொழியில் அது குறில்: அலெட்.

இப்படிக்கு,
பாடகர் குழுப் பயிற்றுநர் ஒருவர்,
பாளையங்கோட்டை.