மறதி நோய்ச் சோதனையை எந்த மொழியில் நடத்துகிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மறதி நோய் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, பெயரும் நாளும் மறந்துபோவதைப் பற்றி விரிவாகப் பேசியது. பிறர் பேச்சைப் புரிந்துகொள்ளும் திறன் குறைவதைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது. எங்கள் வீட்டில் முதலில் வெளிப்பட்டது அதுதான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய என் தாயாருக்கு இப்போது 79 வயது. “குளிச்சிட்டு, சேலை மாத்திட்டு, கோயிலுக்குப் போகலாம்மா” என்றால் நேரே வாசலுக்குப் போய் நிற்பார். காது மந்தம் என்று நினைத்தோம். பிடிவாதம் என்று திட்டவும் செய்தோம். காதில் குறையில்லை. கேட்ட சொற்களைச் சற்று நேரம் மனத்தில் இருத்தும் ஆற்றலும் சொற்பொருள் அறிவும் மறதி நோயின் ஒரு வகையான அல்சைமர் நோயில் தேய்வதால், நீண்ட வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் நழுவிவிடுகிறது என்று மருத்துவர் விளக்கினார். குரலின் தொனியும் முகக்குறிப்பும் வெகுகாலம் புரியுமாம். அப்படியானால் நாங்கள் திட்டியது அவருக்குப் புரிந்திருக்கும்.

நான் எழுத வந்தது சோதனையைப் பற்றி. மறதி நோயை அறிய அமெரிக்காவில் 1975இல் வெளியான 30 மதிப்பெண் வினாத்தாளில், தாளை வலக்கையில் வாங்கி, இரண்டாக மடித்து, தரையில் வைக்கச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. அதை அம்மாவிடம் மலாய் மொழியில் கேட்டார்கள். சந்தையில் பேரம் பேசும் அளவுக்கே மலாய் அறிந்த, பள்ளிக்கூடம் போகாத அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் மங்குவது இந்நோயில் பலரிடம் காணப்படுகிறது என்பதையும் எண்ணினால், அன்று அவர் இழந்த மதிப்பெண்ணில் நோயின் பங்கு எவ்வளவு, மொழியின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

அடுத்த முறை தமிழ் மிஸ்ஸி (தாதி) ஒருவர் அதையே ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னபோது வாங்கினார், மடித்தார். தரையில் மட்டும் வைக்கவில்லை. “தாளு சரஸ்வதியாச்சே, கீழ வைக்கலாமா?” என்றார். அதற்கு வினாத்தாளில் மதிப்பெண் இல்லை.

தோட்டப்புறக் கிளினிக்குகளில் இச்சோதனையின்போது தமிழறிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும்; இயலாவிட்டால், எந்த மொழியில் கேட்கப்பட்டது என்பதையாவது முடிவுத்தாளில் குறிக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையினரைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்