தாராசுரத்துக்கு வந்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிரபஞ்சத்தைப் பற்றிய 'காஸ்மாஸ்' தொலைக்காட்சித் தொடரை இன்னொரு முறை எடுக்கலாமா என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். சந்தோஷம். நம் பத்திரிகையில் நட்சத்திரம் என்றால் சினிமா நட்சத்திரம், இல்லாவிட்டால் ஜென்ம நட்சத்திரம் என்றிருந்த எனக்கு அதுவே பெரிய விஷயம். ஆனால் மூன்றாவது பத்தியில் கட்டுரையாளர், "நமக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஓர் அமெரிக்கத் தொடர்" என்று எழுதிவிட்டார். அதோடு காபி ஆறிப்போனது.

நான் இருப்பது கும்பகோணத்தில். தாராசுரம் இங்கிருந்து டவுன் பஸ்ஸில் டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் வந்துவிடும். 1980-ல் அமெரிக்காவில் ஒளிபரப்பான அந்த 13 பகுதிகளில் பத்தாவதின் சில காட்சிகள் எங்கே எடுக்கப்பட்டன என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தொடரை நடத்திய அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் தமிழ்நாட்டுக்கு வந்தார். பொங்கலைக் காட்டினார். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் கல் தேரையும் சோழர் காலத்து நடராசர் சிலையையும் காட்டி, பிரபஞ்சம் தோன்றி மறைந்து மறுபடி தோன்றுவதைப் பற்றிப் பேசினார். யுனெஸ்கோ அந்தக் கோயிலைப் பட்டியலில் சேர்த்தது 2004-ல்தான். அதற்கு இருபது வருடங்களுக்கு மேல் முன்னாலேயே அதை உலகத்துக்குக் காட்டிய தொடர் நமக்குத் துளியும் சம்பந்தமில்லாதது. சரி.

இதற்கு நேரெதிரான கூட்டமும் ஒன்று உண்டு. பிரம்மாவின் ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் 864 கோடி ஆண்டுகள் என்று சேகன் அந்தப் பகுதியில் சொல்வார். அதை மட்டும் வெட்டி எடுத்து, "நம் முன்னோர்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்கள், அமெரிக்க விஞ்ஞானியே ஒப்புக்கொண்டார்" என்று மாதத்துக்கு ஒருவராவது எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். இன்றைய அறிவியல் சொல்லும் கால அளவோடு அது ஒத்துப்போவது தற்செயல்தான் என்றும் அதே மனிதர் சொன்னார். அந்த வரி மட்டும் யார் போனுக்கும் வருவதில்லை. ஒரு பக்கம் சம்பந்தமே இல்லை என்பவர்கள், இன்னொரு பக்கம் எல்லாமே நம்முடையது என்பவர்கள். இரண்டு தரப்பிலும் தொடரை முழுசாக உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரையும் நான் சந்தித்ததில்லை.

நான் பார்த்தேன். எண்பதுகளில் தூர்தர்ஷன் போட்டபோது எங்கள் வீட்டில் டிவி கிடையாது. எதிர்வீட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஒருவர் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்ப, நாங்கள் கீழேயிருந்து "போதும், போதும்" என்று கத்துவோம். சேகன் பேசிய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அவசரமில்லாமல், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோலப் பேசினார். கேம்பிரிட்ஜில் ஒரு சாப்பாட்டுக் கூடத்தில் 'ஆப்பிள் பை' என்கிற பலகாரத்தை வைத்துக்கொண்டு, இதை அடியிலிருந்து செய்ய வேண்டுமானால் முதலில் பிரபஞ்சத்தையே உண்டாக்க வேண்டும் என்று விளக்குவார். ஆப்பிள் பைக்கு நான் எங்கே போவது? வகுப்பில் அதை இட்லியாக்கினேன். அரிசியில் இருக்கிற கரியணு (கார்பன்) எந்த நட்சத்திரத்துக்குள் வெந்தது என்று கேட்டால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

பழங்காலக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் இரண்டு ஊர்களின் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டதை முதல் பகுதியில் காட்டினார்களே, அதைப் பார்த்துவிட்டு நானும் பள்ளி மைதானத்தில் ஒரு கம்பு நட்டேன். எங்கள் ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பன்னிரண்டே காலுக்குச் சற்று முன்னால் கம்பின் நிழல் அதன் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "டீச்சர், இது சிலபஸில் இருக்கா?" என்றார். ரிடையர் ஆகி இத்தனை வருடம் கழித்தும் அது எனக்கு மறக்கவில்லை.

அதனால்தான் மறுபடி எடுப்பது பற்றிய பேச்சு என்னைச் சீண்டுகிறது. 2014-ல் ஒரு முறை புதிதாக எடுத்தார்களே, அது கிராஃபிக்ஸால்தான் வெற்றி பெற்றது என்று உங்கள் கட்டுரையாளர் நினைக்கிறார். அதை நடத்திய வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் 1975-ல் பதினேழு வயதுப் பையன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் போய் சேகனைப் பார்த்தார். சேகன் தன் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, பனியில் பஸ் வராவிட்டால் வீட்டுக்கு போன் செய், ராத்திரி எங்களோடு தங்கிக்கொள் என்று சொல்லி அனுப்பினார். முதல் பகுதியின் முடிவில் டைசன் இதைச் சொல்லும்போது எனக்குக் கண் கலங்கியது. சேகனின் மனைவி ஆன் ட்ரூயன் இரண்டு தொடருக்கும் எழுதினார். தயாரிக்க முன்வந்தவர்களில் ஒருவர் கார்ட்டூன் தொடர்களுக்குப் பெயர்போன சேத் மக்ஃபார்லேன். 2020-ல் மூன்றாவதும் வந்தது. அங்கே ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொள்கிறார்.

இங்கே? வானியல் விஞ்ஞானி ஜயந்த் நார்லிகர் தொண்ணூறுகளில் 'பிரம்மாண்ட்' என்று ஒரு தொடர் செய்தார், அது இந்தியில். மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே எரிந்து முடிந்து சுருங்கிப்போன வெள்ளைக் குள்ள நட்சத்திரங்களின் எடைக்கு வரம்பு இருக்கிறது என்று கணக்குப் போட்டவர் சந்திரசேகர். அந்தக் கப்பல் பயணம் ஒன்று போதும், ஒரு பகுதி எடுக்கலாம். யார் எடுப்பார்கள்? நமக்குத்தான் சம்பந்தமில்லையே.

போன வருடம் இதே பத்திரிகையில் ஒரு சிறுகதையில் "ஆயிரம் ஒளியாண்டுகள் உனக்காகக் காத்திருப்பேன்" என்று வந்தது. ஒளியாண்டு தூரம், காலமல்ல, ஒன்பதரை லட்சம் கோடி கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று அப்போதே கடிதம் எழுதினேன். இடமில்லை போலிருக்கிறது. ராசிபலனுக்கு நான்கு பக்கம் தேவைப்படும்போது என் எட்டு வரிக்கு இடம் கேட்பது நியாயமில்லைதான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் "பத்தாவது பகுதியின் சில காட்சிகள் தாராசுரத்தில் எடுக்கப்பட்டவை" என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள். இடம் மிஞ்சினால் ஒளியாண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் அந்தக் கல் தேரை நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். பஸ் டிக்கெட் என் செலவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
கும்பகோணம்