பத்து ஊர்களின் பழைய பதிவேடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாம்பரம் மாநகராட்சியைக் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் செய்திகளைத் தவறாமல் படித்து வருகிறேன். சாலை, குடிநீர், குப்பை ஆகியவற்றைப் பற்றிய அச்செய்திகள் தேவையானவையே. அவற்றோடு, எவரும் இதுவரை பெரிதாகப் பேசாத ஒரு பொருளைத் தங்கள் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் ஒன்றாக்கப்பட்டு, 70 வார்டுகள் கொண்ட மாநகராட்சி உருவாயிற்று. இந்தப் பத்து மன்றங்களின் தீர்மானப் புத்தகங்கள், மனைப்பிரிவு வரைபடங்கள், பழைய வரிப் பதிவேடுகள் அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்து, அட்டவணையிட்டு, குடியிருப்போர் வந்து படிக்கும்படி ஓர் அறையைத் திறக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

புறநகர் என்றாலே மாநகரில் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கிய இடம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. எங்கள் ஊரின் வரலாறு அப்படிப்பட்டதன்று. 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்கான மருத்துவமனையைத் தாம்பரத்தில் தொடங்கினார். மருந்துகள் இல்லாத அக்காலத்தில் நல்ல காற்றும் வெயிலும் ஓய்வுமே அந்நோய்க்குச் சிகிச்சையாக இருந்தன. 1937-இல் அதை அரசு ஏற்றது. இன்று அதன் எதிரே நெரிசலில் நிற்பவர்களுக்கு நம்ப முடியாமல் இருக்கலாம், ஆனால் ‘சானடோரியம்’ என்னும் ரயில் நிலையப் பெயர் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அதே 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து இங்குக் குடிபெயர்ந்தது. அதற்கும் முன்பே, 1931-இல், கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு மாநகரின் அலுவலகங்களுக்குச் சென்று திரும்பும் நடுத்தரக் குடும்பங்களின் ஊராக இது மாறியதற்கு அந்தத் தண்டவாளமே முதற்காரணம். 2004-இல் அந்த மீட்டர் கேஜ் மின்சார ரயில்கள் நிறுத்தப்பட்டபோது, முப்பதாண்டுகள் ஒரே பெட்டியில் பயணம் செய்த நண்பர்களில் சிலர் ஓய்வு பெற்றுவிட்டிருந்தோம்.

இணைந்த மற்ற ஊர்களுக்கும் தனித்தனிக் கதை உண்டு. 1863-இல் நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இடம் பல்லாவரம். பல்லாவரம் நகராட்சியில் இருந்த குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலை. அனகாபுத்தூரில் நெய்த ‘ரியல் மெட்ராஸ்’ கைக்குட்டைத் துணி நைஜீரியா வரை சென்றது.

ஆனால் ஊர் குடியிருப்பாக ஆன கதை இத்தகைய பெரிய செய்திகளில் இல்லை. எந்தத் தெருவுக்கு முதலில் விளக்குக் கம்பம் வந்தது, எந்த நலச்சங்கம் எத்தனை முறை மனுக் கொடுத்தபின் குடிநீர்க் குழாய் பதிக்கப்பட்டது, எந்த மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலம் உண்மையில் எவ்வளவு என்பனவெல்லாம் தீர்மானப் புத்தகத்தில்தான் இருக்கும். சங்கக் கூட்டத்தை ஒருவர் வீட்டு மாடியில் பாய் விரித்து நடத்தி, சந்தா வசூலித்து, சொந்தச் செலவில் செம்மண் கொட்டித் தெருவை மேடாக்கிய தலைமுறை மறைந்து வருகிறது. அவர்கள் கையெழுத்திட்ட மனுக்களாவது இருக்க வேண்டாமா?

இது பழமையின் மேலுள்ள ஆசை மட்டுமன்று; வெள்ளம் ஏன் வருகிறது என்று அறியவும் இப்பதிவேடுகள் வேண்டும். திருநீர்மலையில் நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்பது தலபுராணம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் படகு ஓடியதை நாங்களே பார்த்தோம். ஏரி நிரம்பினால் நீர் வழியும் கலங்கல் எங்கிருந்தது, உபரிநீர் எந்த வழியாக அடையாற்றுக்குச் சென்றது, அந்த வழியில் எந்த ஆண்டு எந்த மனைப்பிரிவுக்கு அனுமதி தரப்பட்டது என்ற கேள்விகளுக்கு வருவாய்த் துறையின் நிலப்பதிவேடுகள் பாதி விடைதான் தரும். மீதி விடை உள்ளாட்சி மன்றங்களின் காகிதங்களில் இருக்கிறது. கணினியில் ஏற்றினால் போதும் என்று சிலர் சொல்லக்கூடும். மடிப்பு விழுந்த வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்த குறிப்பை அவசரமாக எடுத்த நகலில் படிக்க முடியாது என்பது அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நகலெடுக்கட்டும், மூலத்தையும் காக்கட்டும்.

மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலின் கல்வெட்டுகளைத் தொல்லியல் துறை காத்து வருகிறது. காகிதத்துக்குக் கல்லின் ஆயுள் கிடையாது. கரையானுக்கு ஒரு மழைக்காலம் போதும்.

இதற்கெனப் புதுக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. பழைய உள்ளாட்சி அலுவலகங்களுள் ஒன்றில் ஈரம் புகாத இரண்டு அறைகளும், ஆவணக் காப்பில் பயிற்சி பெற்ற ஒருவரும், வாரத்தில் சில நாள்கள் திறந்திருக்கும் நேரமும் இருந்தால் தொடங்கிவிடலாம். எங்கள் தெரு நலச்சங்கத்தின் பழைய மனு நகல்களும் வரவு செலவு நோட்டுகளும் என் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அறை திறக்கப்படும் நாளில் அவற்றை ஒப்படைக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர்,
கிழக்குத் தாம்பரம்.