'நேராக்கு' பொத்தானை அழுத்துமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு மாணவர் இணைப்பில், பெட்டிகளையும் கம்பிகளையும் இழுத்துப் போட்டே நிரல் உருவாக்கும் முறை பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பிள்ளைகளுக்குப் புரியும்படி நன்றாகவே எழுதியிருந்தார்கள். கடைசிப் பத்தியில் ஒரு வரி மட்டும் உறுத்தியது. பெட்டிகள் தாறுமாறாகக் கிடந்தால் தானாக நேராக்கும் வசதியை அழுத்தினால் போதுமாம். அது அழகுக்காக மட்டும்தானாம், நிரலை ஒன்றும் செய்யாதாம். இது பாதிதான் உண்மை. மீதிப் பாதியில் மாட்டிக்கொண்டு ஒரு ராத்திரித் தூக்கத்தைத் தொலைத்தவன் நான்.

தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேத்தி வயலின் கற்கிறாள். அவள் சாதகம் செய்ய, ஆதி தாளத்துக்கு மணி அடிக்கும் நிரல் ஒன்றை பியூர் டேட்டாவில் செய்து கொடுத்தேன். இலவச மென்பொருள், மில்லர் பக்கெட் என்பவர் 1996இல் உருவாக்கியது. அதற்கு முன்பே, 1980களில், பாரிஸில் இர்காம் என்ற இசை ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தபோது அவர் தொடங்கியதுதான் மேக்ஸ் என்ற இதே மாதிரி மென்பொருள். அந்தப் பெயர் மேக்ஸ் மாத்யூஸ் என்பவரைக் கௌரவித்து வைத்தது. 1957இலேயே கணினியை இசைக்க வைத்த அந்த மனிதர் வேலை பார்த்த இடம் எது தெரியுமா? அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியின் பெல் ஆய்வுக்கூடம். நம்ம ஆளு! இந்த வயதில் இதைக் கற்றுக்கொள்ள எனக்கு அது ஒரு சாக்கு.

என் நிரல் ரொம்பச் சின்னது. ஒரு பெட்டி எட்டு அட்சரத்தை எண்ணும். மணி அடிக்கிற வேலை இன்னொரு பெட்டிக்குள். அந்த மணிப் பெட்டிக்கு மேலே இரண்டு வாசல்: இடது வாசலில் சுருதி எண் நுழைந்தால் மணி அடிக்கும், வலது வாசலில் எவ்வளவு சத்தம் என்ற எண் நுழையும். சுருதி எப்போதும் 60. சத்தம், சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்கும் முதல் அட்சரத்துக்கு 100, மற்ற ஏழுக்கும் 60.

செய்து முடித்தபின் பார்த்தால் திரை முழுக்க நூல்கண்டை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. நேராக்குவதற்கு 'டைடி அப்' என்று ஒன்று இருக்கிறதே என்று வெளியேயும், மணிப் பெட்டிக்கு உள்ளேயும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். பெட்டிகள் ராணுவ அணிவகுப்பு மாதிரி நின்றன. ஓட்டிப் பார்த்தேன், தாளம் சுத்தம். கோப்பைச் சேமித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டேன்.

மறுநாள் சாயங்காலம் பேத்தி கூப்பிட்டாள். "தாத்தா, உங்க மணிக்கு என்ன ஆச்சு? சமம் வந்தா எலி கத்துது!"

உண்மைதான். சமத்தில் மட்டும் காதைத் துளைக்கும் ஒரு 'கீச்'. மற்ற ஏழு அட்சரமும் ஒழுங்கு. ஓர் இடத்தில் மட்டும் தப்பு என்றதும், எண்ணுகிற பெட்டியில்தான் கோளாறு என்று முடிவு கட்டி அதைப் பிரித்துப் போட்டு நள்ளிரவு தாண்டியும் தேடினேன். கோளாறு அங்கே இல்லவே இல்லை. மணியின் இரண்டு வாசல்களும் இடம் மாறியிருந்தன. சத்தத்துக்கான 100 சுருதியாகப் போய் நுழைந்திருக்கிறது. மற்ற ஏழிலும் சுருதியும் 60, சத்தமும் 60 என்பதால் மாறினாலும் காதுக்குத் தெரியவில்லை. என் எண்களே எனக்கு எதிராகச் சாட்சியை ஒளித்துவைத்திருந்தன.

ஏன் மாறின? இந்த மென்பொருளில் எது இடது வாசல், எது வலது வாசல் என்பதை, உள்ளே வாசலுக்கான பெட்டிகள் எந்த இடத்தில் நிற்கின்றன என்பதை வைத்தே தீர்மானிக்கிறார்கள். நான் சோம்பேறித்தனமாக ஒன்றின் கீழ் ஒன்றாக, இரண்டாவதைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வைத்திருந்தேன். நேராக்கியதும் அந்தக் கொஞ்சமும் போய், இரண்டும் ஒரே கோட்டில் வந்துவிட்டன. இப்போது எது இடது, எது வலது? அன்று ராத்திரி பழைய வரிசையே ஓடியது. கோப்பை மூடித் திறந்ததும் மென்பொருள் புதிதாக வரிசை போட்டது, ஆட்டம் கலைந்தது. மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். வைத்தவன் நான், மூடித் திறந்து பார்க்காதவனும் நானேதான்.

மேக்ஸில் இடத்துக்கு இன்னும் அதிக அதிகாரம். ஒரே வாசலிலிருந்து இரண்டு பெட்டிகளுக்குக் கம்பி போனால், வலப்பக்கம் நிற்கும் பெட்டிக்குத்தான் செய்தி முதலில் போகும். இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் நின்றால் கீழே இருப்பதற்கு முதலில். அப்படியானால் நேராக்குவதே நிரலைத் திருத்துவதுதானே? பியூர் டேட்டாவில் அது கம்பி இழுத்த வரிசைப்படி நடக்கும். பெட்டியை எங்கே நகர்த்தினாலும் அது மாறாது, ஆனால் திரையைப் பார்த்தும் தெரியாது. இரண்டிலுமே 'டிரிகர்' என்ற பெட்டியை நடுவில் வைத்து, முதலில் இது, அப்புறம் அது என்று நாமே சொல்லிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. கட்டுரையில் சொல்லியிருந்த, பிள்ளைகளுக்கான ஸ்கிராட்ச் மென்பொருளில் கட்டளைக் கட்டைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு நிற்பதால் பயம் குறைவு. ஆலைகளில் சோதனைக் கருவிகளுக்குப் பயன்படும் லேப்வியூவிலும், தரவு வந்து சேர்ந்தால்தான் பெட்டி ஓடும் என்பதால் இடம் மாறினால் கணக்கு மாறாது. ஆனால் அதில் தனியாக எழுதி வைத்த குறிப்பு ஒரு பக்கம், அது சொல்லும் பெட்டி இன்னொரு பக்கம் என்று போய்விடக்கூடும்.

எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு இது பழகிய சமாசாரம். வெளியிலிருந்து வரும் லைன்களை எக்ஸ்சேஞ்சோடு இணைக்கும் மெயின் ஃபிரேம் என்ற சட்டத்தில் ஜம்பர் வயர்கள் வருஷக்கணக்கில் சேர்ந்து காக்காய்க் கூடாகிவிடும். அதைப் பிரித்து, வளையங்களின் வழியாக ஒழுங்காக இழுத்துக் கட்டும்போது ஒன்று நிச்சயம் கழன்றிருக்கும், இல்லை பக்கத்து முனையில் ஏறியிருக்கும். அதனால் கட்டி முடித்ததும் டெஸ்ட் போனை எடுத்து ஜோடி ஜோடியாக டயல் டோன் கேட்போம். டோன் இருந்தால் மட்டும் போதாது. டெஸ்ட் டெஸ்க்கைக் கூப்பிட்டு, வருவது இந்த நம்பர்தானா என்று கேட்போம். டாக்டர் வீட்டு நம்பர் அரிசி மண்டியில் அடித்தால் ஃபிரேம் எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்?

அதே பழக்கத்தைத்தான் இப்போது பேத்திக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நேராக்குமுன் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துவிடுவோம். பழையதை ஓட்டி, வெளியே வரும் எண்களை அப்படியே எழுதி வைப்போம். நேராக்கியபின் ஓட்டுவோம், சேமித்து மூடித் திறந்து இன்னொரு தடவை ஓட்டுவோம். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சோதனைக்கு ஒவ்வொரு வாசலுக்கும் வெவ்வேறு எண் கொடுப்பது முக்கியம். 60, 60 என்று கொடுத்தால் என் கதிதான். இன்னொன்று அவளே கண்டுபிடித்தது: நேராக்கியதையே மறுபடி நேராக்கிப் பார்ப்பது. இரண்டாம் தடவையும் பெட்டிகள் நகர்ந்தால், முதல் தடவை அது முழுசாக நேராக்கவில்லை என்று அர்த்தம். எனக்கு இது தோன்றவே இல்லை.

பிள்ளைகள் இந்த இணைப்பை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். ஆகவே அடுத்த ஞாயிறு இணைப்பில் 'அழகுக்காக மட்டும்' என்ற அந்த வரியையாவது திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை