வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் இங்கே வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. புத்தகப் பரிமாற்ற நாள் வழக்கம்போல் நடந்தது. பழைய அலமாரி சரிசெய்யப்பட்டது. காலமான மூத்த உறுப்பினருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி இளையோர் நாவல் திட்டம். சென்ற பொதுக்குழுவில் இதை நான் முன்மொழிந்தபோது, "பிள்ளைகள் படிக்கிற கதையை நாம் உட்கார்ந்து பேசுவதா?" என்று மூன்று பேர் எதிர்த்தார்கள். அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. ஐந்து நாவல்களை முடித்த பிறகு இப்போது இருக்கிறது. பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்களுக்காக எழுதப்படுகிறது என்பதால் எழுத்து இளப்பமாகிவிடாது. நம் வீடுகளில் அந்த வயதில் இருப்பவர்கள் எதைப் படித்து அழுகிறார்கள் என்று தெரியாமலே, "என்னத்தைப் படிக்கிறாயோ" என்று அவர்களைக் கடிந்துகொள்கிறோம். அதனால்தான் கருத்துப் பதிவேடு ஒன்று வைத்தேன். படித்தவர் மனதில் பட்டதைக் கையெழுத்தோடு எழுத வேண்டும். 'நன்றாக இருந்தது' என்று மட்டும் எழுதினால் ஏற்பதில்லை.

முதலில் எஸ். இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்'. 1967-இல் வெளிவந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. இரண்டு பையன் கூட்டங்களின் சண்டைதான் கதை. சில இடங்களில் உணர்ச்சி கரைபுரண்டு ஓடுகிறது, அதைக் குறையாகவே எழுதினேன். ஆனால் அண்ணன் தம்பிகளுக்குள் பேசத் தெரியாமல் போகும் இடங்களை அந்த வயதுக்காரர் மட்டுமே அப்படி எழுத முடியும்.

ஜான் கிரீனின் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' எனக்கு முழுதாக ஒட்டவில்லை. புற்றுநோயோடு வாழும் இருவரும் எந்நேரமும் மேடையில் பேசுவதுபோல் பேசுகிறார்கள். பலருக்கு அது பிடித்திருந்தது, சரி. அந்தக் கூட்டத்துக்குத்தான் அதிகம் பேர் வந்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' பற்றிய என் கருத்து பாதியில் மாறியது. இருபத்து நான்கு பிள்ளைகளை ஒரு களத்தில் விட்டு, ஒருவர் மிஞ்சும்வரை கொல்லச் சொல்லி நாடே பார்க்கிறது. களத்தில் இறங்கும் கதாநாயகி எல்லாவற்றையும் நிகழ்காலத்திலேயே சொல்வது மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருந்தேன். ஓர் உறுப்பினரின் மகள் அதற்குக் கீழே எழுதினாள்: "இறந்தகாலத்தில் சொன்னால் அவள் பிழைத்துவிட்டாள் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுமே." நான் திரும்பப் படித்தேன். அவள் சொன்னது சரி. உறுப்பினரல்லாதவர் பதிவேட்டில் எழுதலாமா என்று செயற்குழுவில் கேட்டார்கள். எழுதலாம் என்பதே என் முடிவு.

பேட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை, படிக்கவேண்டும். கதைக்கரு ஷிவான் டவுட் என்ற எழுத்தாளருடையது. அவர் 2007-இல் புற்றுநோயால் இறந்துவிட, நெஸ் எழுதி முடித்தார். தாய் நோயில் கிடக்கும்போது, இது எப்படியாவது முடிந்தால் போதும் என்று மனதுக்குள் ஒரு பையன் நினைத்துவிடுகிறான். அதைச் சொல்லமுடியாமல் அவன் தவிப்பதுதான் நாவல். நோயாளியைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட எவருக்கும் அந்த நினைப்பு வந்திருக்கும். எனக்கு வந்தது. அன்றைய கூட்டத்தில் அதைச் சொன்னேன், சொன்னது நல்லது என்றே நினைக்கிறேன்.

ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' விஷயத்தில் என் வருத்தத்தை மறைக்கப் போவதில்லை. 2017-இல் வந்த, கவிதை வரிகளாலான நாவல். அண்ணனைச் சுட்டவனைப் பழிவாங்க இடுப்பில் துப்பாக்கியோடு பதினைந்து வயதுப் பையன் லிஃப்டில் இறங்குகிறான். ஒவ்வொரு தளத்திலும் துப்பாக்கிக்கு ஏற்கெனவே பலியானவர் ஒருவர் ஏறுகிறார். ஒரு நிமிடப் பயணம்தான் மொத்தக் கதையும். ஒரே அமர்வில் முடித்துவிடலாம். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர், படித்திருந்தவர்கள் மூன்று பேர். நேரமில்லை என்று சொன்னவர்கள் இந்த நாவலுக்கு அதைச் சொல்லியிருக்கக் கூடாது. படித்த மூவரில் ஒருவர், பையன் என்ன முடிவெடுத்தான் என்று ஆசிரியர் சொல்லாமல் விட்டதை ஏமாற்று என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிவைச் சொல்லியிருந்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்போம். இதை இரண்டு மணி நேரம் வாதிட ஆசைப்பட்டேன், ஆள் இல்லை.

கணக்கு விவரம். வரவு செலவுக்குச் சற்றே போதவில்லை. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. முழு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். குறைவுக்குக் காரணம் நாவல் பிரதிகள் வாங்கியது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியல்ல. காரணம் சந்தா பாக்கி. இரண்டு ஆண்டாகக் கட்டாதவர்களும் இருக்கிறார்கள். பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. பாக்கி வைத்திருப்பவர்களில் இருவரிடம் நம் பிரதிகளும் திரும்பாமல் இருக்கின்றன.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், இடம் தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பே வந்து நாற்காலி போட்ட உறுப்பினருக்குத் தனி நன்றி.

அடுத்த ஆண்டும் இத்திட்டம் தொடரவேண்டும் என்பது என் விருப்பம். பிள்ளைகளையும் கூட்டத்துக்கு அழைத்து, நாவலை அவர்களே தேர்ந்தெடுக்க விடலாம். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன், பதிவேட்டைத் தொடர்வார்கள் என்றால். யாரும் முன்வராவிட்டால் நானே இருக்கிறேன். அப்போது ஏழு பேரோடு என்னை விட்டுவிடாதீர்கள். பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது. பொருளாளரும் அங்கேதான் அமர்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்